மேல்வாசலில் கட்டி வைத்த தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

பெரியதம்பியைப் போன வாரம் கோபத்தோடு விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரத்தில் மனிதர் ஆறியிருப்பார் என்று நினைத்தீர்களானால், அவரை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். ராகலை பஜாரில் பக்கத்துக் கடைக்காரரோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் என்னவென்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

ஆனால் இந்தக் கோபத்துக்கான காரணம் மறக்கக்கூடியதல்ல. அது அவர் வீட்டு மேல்வாசலில், கறுப்பாக, வட்டமாகக் கிடந்தது.

வீடு சரிவில் கட்டியது. பின்னால் சமையலறை, அப்புறம் ஹோல் என்கிற முன்னறை, ஹோலின் முன்கதவைத் திறந்தால் ஆகாயம் பார்த்த மேல்வாசல். அந்த மேல்வாசலுக்கு நேர் கீழே, பஜார் ரோட்டைப் பார்த்தபடி ஒரு நீள அறை; அதை ஒட்டி அவர் கடை. இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் கோகுலராஜின் கல்யாணத்தின்போது அந்த அறைக்கு மெருகு போட்ட பலகையில் சீலிங் அடித்தார் பெரியதம்பி. மேல்வாசலுக்கும் தண்ணீர் இறங்காத பூச்சு ஒன்றைப் பூசி, அதன்மேல் டைல் பதித்தார்கள். வந்த மருமகள் கோசலா அந்த அறையில் முன்பள்ளி தொடங்கினாள்.

கோசலா தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளும் தம்பி துஷாந்தும் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவர்கள். அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே தனக்குக் கிடைக்காத எழுத்தும் பாட்டும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த அறையில் கிடைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை. இதுவே போதுமான அளவுக்குப் பெரியது.

கார்த்திகையில் பெய்த பேய்மழையில் அந்த ஆசையின் மேல்தான் சீலிங் விழுந்தது. கரும்பலகைக்கு மேலே ஊறி ஊறி உப்பிய பலகை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பொத்தென்று சின்ன நாற்காலிகளின் மேல் வந்து விழுந்தது. பிள்ளைகள் இல்லாத நாள். இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் கோசலா அந்த நாற்காலிகளை எண்ணிப் பார்க்கிறாள்.

"போதும். இனிமே அது கெழங்கு மூட்டை போடுற ரூமு" என்றார் பெரியதம்பி.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு தவணை கேட்டாள். அவரும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மேல்வாசலைச் சரி செய்து, தண்ணீரைக் கட்டி நிறுத்திக் காட்ட வேண்டும். கீழே ஒரு சொட்டு வந்தாலும் தை பிறந்ததும் உருளைக்கிழங்கு இறங்கும்.

கொழும்பில் உயரக் கட்டடங்களின் மொட்டைமாடிகளுக்கு இந்தப் பூச்சு போடுகிற கூட்டத்தில் துஷாந்துக்கு வேலை. அக்காவுக்காக லீவு போட்டு வந்தான். டைல்களை எல்லாம் பெயர்த்தான். கரும்பலகைக்கு நேர் மேலே பூச்சு நன்றாகவே இருந்தது. எதிர்ப்பக்கம், கிழக்கு மூலையில் அந்தக் கறுப்பு வட்டம் கிடந்தது.

வருஷா வருஷம் பெரியதம்பி மூன்று செங்கல் வைத்து, சூரியனைப் பார்த்துப் பொங்கல் பொங்குகிற இடம். மேலே எரிந்த நெருப்பு, டைலுக்கு அடியில் இருந்த பூச்சை அப்பளமாகப் பொரித்து வைத்திருந்தது. தண்ணீர் அங்கே இறங்கி, கொங்கிரீட்டுக்குள்ளேயே ஊர்ந்து போய், கரும்பலகை மூலையில் தலைகாட்டியிருக்கிறது. குடும்பமே கூடி நின்று, கும்பிட்டு, தவறாமல் தங்கள் தளத்தைத் தாங்களே சுட்டிருக்கிறார்கள்!

"இனிமே இங்க அடுப்பு மூட்டக் கூடாதுங்க ஐயா" என்று துஷாந்த் சொன்னான். உறவுப்படி அவர் அவனுக்கு மாமா. வாயில் வருவதென்னவோ ஐயாதான்.

அவ்வளவுதான். பெரியதம்பியின் முகம் மாறிப்போனது.

"எம்பத்து மூணு கலவரத்துல இந்தக் கடை எரிஞ்சப்ப நீ பொறக்கல. மூட்டுனவன் எவனோ, எரிஞ்சது என் கடை. திரும்பக் கட்டி, மேல கொங்கிரீட் போட்டு, அடுத்த தையில இந்த மூலையில நானா ஒரு அடுப்பு மூட்டுனேன். என் நெருப்பு அது. அத நகத்தச் சொல்ல நீ யாரு?"

துஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையோடு வேலையை மட்டும் முடித்தான். தண்ணீர் ஓடும் வாட்டம் சரியாக இல்லாத இடத்தில் சீமெந்து போட்டு உயர்த்தினான். மூலைகளில் வலைத்துணி ஒட்டினான். கைப்பிடிக் கம்பிகள் தரையில் இறங்கும் இடத்தையெல்லாம் விரலாலேயே தடவித் தடவி அடைத்தான். பூச்சு மேல் பூச்சாகப் பூசி, சுவரிலும் ஒரு சாண் ஏற்றிவிட்டான். நன்றாகக் காய விட்டு, நேற்று மத்தியானம் வடிகுழாயை அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டான். இன்று மத்தியானம் வரை அது நிற்க வேண்டும்.

இடையில் குறுக்கிட்டது தைப்பொங்கல்.

*

விடியப் போகிற நேரம். கோசலா குளித்துவிட்டு, ஈரத்தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஹோலின் முன்கதவைத் திறந்தாள். பழக்க தோஷத்தில் காலை எடுத்து வைக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

மேல்வாசலைக் காணவில்லை.

அது இருந்த இடத்தில் ஆகாயம் இருந்தது. எதிரே உடப்புசல்லாவை ஊர்ப் பக்கத்து மலைகள் இருட்டாக நின்றன; அதே மலைகள் தலைகீழாக அவள் காலடி வரை வந்து நின்றன. நடுவில் கோடு எது என்று தெரியவில்லை. நேற்று மத்தியானம் பைப்பிலிருந்து கொட்டும்போது வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. கணுக்கால் அளவுக்குத்தான் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கால் வைத்தால் விழுந்துகொண்டே இருப்போம் என்று பயமாக இருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நுவரெலியாவுக்குப் போய்ப் பெரிய குளத்தைப் பார்த்திருக்கிறாள். ஆனால் குளத்தைப் போய்ப் பார்ப்பது வேறு, அது வீட்டுக் கதவுக்கே வந்து நிற்பது வேறு.

கதவுப் படியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு துஷாந்த் உட்கார்ந்திருந்தான். ஹோலுக்குள் இத்தனை நாற்காலி இருந்தும் வந்த நாளிலிருந்து அவனுக்கு அந்தப் படிதான்.

"பாத்தியா அக்கா?" என்றான் மெதுவாக. "கொழும்புல எத்தனையோ மாடியில தண்ணி கட்டியிருக்கேன். சுத்திவர கட்டடந்தான் தெரியும். இப்படி நான் கண்டதே இல்ல."

"கீழ பாத்தியா?"

"இப்பதான் டோர்ச் அடிச்சுப் பாத்தேன். பலகை விழுந்த ஓட்டை வழியா கொங்கிரீட் தெரியுது. காஞ்சு போய்த்தான் இருக்கு. மத்தது பலகைக்கு மேல, அது தெரியாது. சீலிங்க முழுசா கழட்டுவோம்னேன், ஐயா விடல."

"கல்யாணத்துக்குப் போட்ட பலகைன்னு அவருக்கு உசுரு" என்றாள் கோசலா.

அந்த நேரம் பின்னால் செருமல் கேட்டது.

பெரியதம்பி குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். கையில் செங்கல். பின்னாலேயே அவர் மனைவி யோகேஸ்வரி, மஞ்சள் கொத்துக் கட்டிய புதுப்பானையோடு, முகத்தில் கவலையோடு.

"தண்ணிய தெறந்து விடு" என்றார் பெரியதம்பி. வெளியே பார்க்கவே இல்லை. துஷாந்தைத்தான் பார்த்தார்.

"ஐயா, மத்தியானம் வரைக்கும் நிக்கணுங்க. இப்ப விட்டா நேத்துலேருந்து காத்துக் கெடந்தது வீணாப் போயிரும்."

"பொழுது ஏறப் போகுது."

"பூச்சு மேல டைல்கூட இல்லங்க. நெருப்பு வச்சா..."

"அடுப்பு அங்கதான்."

யோகேஸ்வரி பானையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "ஏங்க, இந்த ஒரு வருஷம் கீழ ரோட்டு வாசல்ல..."

பெரியதம்பி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் பாதியில் நின்றது. முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

கோசலா மாமனாரின் கைகளைப் பார்த்தாள். செங்கற்களை அவர் பிடித்திருந்த பிடியில் நரம்பு புடைத்திருந்தது. அவளுக்கு அந்த நிமிஷம் அவர்மேல் கோபம் வரவில்லை. எரிந்துபோன கடைக்கு முன்னால் நின்ற ஓர் இளந்தாரியை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இளந்தாரிதான் இங்கே நிற்கிறான் என்று தோன்றியது. தன் அறைக்காக அந்த மனிதரிடமிருந்து எதைப் பிடுங்குகிறோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

"தெறந்து விட்டுருவோம் தம்பி" என்றாள்.

"அக்கா!"

"பரவால்ல."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தை மாதத்து ராகலைக் குளிர். எலும்பு வரை கடித்தது. மலைகள் கலைந்து ஆடின. வடிகுழாய் மூலைக்குப் போய்க் குனிந்து, முழங்கை வரை கையை விட்டு, துணி சுற்றி அடைத்திருந்த கட்டையைப் பிடித்தாள். பிடுங்கினால் போதும். தண்ணீர் போகும், அதோடு சேர்ந்து கரும்பலகையும் சின்ன நாற்காலிகளும் போகும். கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அப்போது சூரியன் வந்தது.

மலை விளிம்பில் ஒன்று, தண்ணீரில் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தன. அவள் கலைத்த அலைகளின் மேல் அந்த வெளிச்சம் விழுந்து, அங்கிருந்து எழும்பி வீட்டின் முன்சுவர் முழுக்க ஓடியது. ஓட்டுக் கூரையின் அடியில் ஓடியது. யோகேஸ்வரியின் பானையில், துஷாந்தின் போர்வையில், பெரியதம்பியின் திருநீற்றில் ஓடியது. வீடு முழுவதும் தங்கம் உருகி அசைந்தது.

 கீழே ரோட்டில் முதல் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனதுகூட எங்கோ தூரத்தில் கேட்டது.

பெரியதம்பி அப்போதுதான் மேல்வாசலைப் பார்த்தார். எத்தனை தைகள் இதே கதவில் நின்று சூரியனைப் பார்த்திருப்பார்! அது எப்போதும் தூரத்தில், மலைக்கு மேலே நிற்கும். இவர் இங்கிருந்து கும்பிடுவார். இன்று அது அவர் காலடியில் கிடந்தது. கறுப்பு வட்டம் இருந்த அதே கிழக்கு மூலையில், தண்ணீருக்குள், கண் கூச எரிந்துகொண்டிருந்தது.

அவர் வாய் அசைந்தது.  பிறகு, "ஆத்தாடி" என்றார். பெரியதம்பி வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யோகேஸ்வரியே கேட்டதில்லை.

கோசலா கட்டையை அசைத்தாள்.

"கை வைக்காத!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"கைய எடு புள்ள. நிக்கட்டும்." அவர் குரல் கரகரத்தது. "சூரியனே எறங்கி ஒக்காந்திருக்கு. அத எப்படி எந்திரிக்கச் சொல்றது?"

கும்பிட வேண்டும் போல அவருக்கு இருந்தது. கையில் செங்கல் இருந்தது. அப்படியே செங்கல்லோடு சேர்த்துக் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு திரும்பி, சமையலறை வழியாகப் போய், பக்கப்படியில் இறங்கினார்.

"எங்க போறாரு?" என்றாள் யோகேஸ்வரி.

எட்டிப் பார்த்தார்கள். பஜார் ரோட்டைப் பார்த்திருந்த முன்பள்ளிக் கதவுக்கு முன்னால், மண் தரையில், பெரியதம்பி குந்தி உட்கார்ந்து செங்கல்லை வைத்துக்கொண்டிருந்தார்.

*

அடுப்பு புகைந்தது, பிறகு பற்றிக்கொண்டது. பானையில் பால் ஊற்றினார்கள். முன்பள்ளிக் கதவைப் பெரியதம்பியே அகலத் திறந்து வைத்தார். "உள்ள புகை போகட்டும், ஈரம் போயிரும்" என்று ஒரு காரணமும் சொன்னார். காரணம் சொல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்ய அவருக்கு வராது.

கோயிலுக்குப் போகிற தோட்டத்து ஆட்கள் ரோட்டில் வரத் தொடங்கியிருந்தார்கள். மீனம்மா மகளைக் கையில் பிடித்தபடி வந்து தயங்கி நின்றாள். மகள் கேஷிகா கார்த்திகை வரை இந்த அறையில் முதல் வரிசையில் உட்கார்ந்த பிள்ளை. திறந்த கதவைக் கண்டதும் அது உள்ளே பாயப் பார்த்தது. மீனம்மா இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடம் தெறக்கிறீங்களா டீச்சர்?" என்றாள். கண் மட்டும் சீலிங்கின் ஓட்டை மேலேயே இருந்தது.

கோசலா மாமனாரைப் பார்த்தாள். அவர் விறகைத் தள்ளுவதில் மும்முரமாக இருந்தார். ஆனால் மறுப்பும் சொல்லவில்லை. 

"கோசலா, மேல அரிசிய மறந்துட்டேன், ஓடிப் போய் எடுத்துட்டு வா" என்றாள் யோகேஸ்வரி.

ஓடினாள். படிகளைக் கால் தொட்டதா என்றே தெரியவில்லை. ஹோலில் அரிசிச் சட்டியை எடுத்தவள், இன்னொரு தரம் பார்க்கும் ஆசையில் முன்கதவுக்குப் போனாள்.

சூரியன் ஏறியிருந்தது. தண்ணீர் தெளிந்து, அசையாமல் கிடந்தது. பக்கச் சுவரோரம் அவள் கண் போய் நின்றது.

தண்ணீருக்குச் சற்று மேலே, சுவர் நெடுக, ஓர் ஈரக் கோடு. கோடுகூட இல்லை, ஒரு பட்டை. பெருவிரல் அகலம். நேற்றுத் தண்ணீர் நின்ற மட்டம் அது. இப்போது தண்ணீர் அதற்குக் கீழே நின்றது.

தண்ணீர் குறைந்திருக்கிறது.

ஓடிப்போய் வடிகுழாயைப் பார்த்தாள். அடைத்த கட்டை இறுக்கமாக இருந்தது. வெளியே குழாய் வாய் உலர்ந்து கிடந்தது. வெயிலில் ஆவியாகிப் போயிருக்குமா? சூரியன் இப்போதுதானே வந்தது! இந்த மேல்வாசல் எவ்வளவு பெரியது. அதில் பெருவிரல் அகலம் என்றால் எத்தனை வாளி? அவ்வளவும் எங்கே?

கீழேயிருந்து யோகேஸ்வரி கூப்பிட்டாள். "பால் ஏறுது, வா!"

சொல்லாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. அடுப்பு அவள் வாசலில் எரிகிறது. கதவு திறந்திருக்கிறது. மத்தியானம் வரைக்கும் பொறுத்தால் போதும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்டு வாங்காமல் கிடைத்த முதல் சந்தோஷம் இது. 

கேஷிகாவின் தலை நினைவுக்கு வந்தது. வகிடெடுத்து, எண்ணெய் மினுங்க, முதல் வரிசையில்.

இறங்கி வந்தாள்.

"முதல் அரிசிய நீ போடு புள்ள" என்றார் பெரியதம்பி. எப்போதும் அவர் போடுவது. யோகேஸ்வரியின் கண் விரிந்தது.

"மாமா, தண்ணி கொறஞ்சிருக்கு."

"என்ன?"

"மேல. ஒரு வெரலு எறங்கியிருக்கு. குழாய் வழியா போகல. எங்க போச்சுன்னு தெரியல." மீனம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

துஷாந்த் பாய்ந்து மேலே ஓடினான். பெரியதம்பி எழுந்து அறைக்குள் போனார். ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அதன்மேல் ஏறினார். நாற்காலி முனகியது. கையை உயர்த்தி, பலகை பலகையாக, தாம் ஆசையாகப் போட்ட அந்தச் சீலிங்கைத் தடவிக்கொண்டே வந்தார்.

"காஞ்சுதான் கெடக்கு" என்றார்.

துஷாந்த் திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா சொல்றது சரிதாங்க ஐயா. இந்தக் குளிருல இவ்வளவு ஆவியா போகாது. எங்கயோ போகுது. எனக்கும் வெளங்கல."

பெரியதம்பி நாற்காலியில் நின்றபடியே மேலே பார்த்தார். தலைக்கு மேல் பலகை. அதற்கு மேல் கொங்கிரீட். அதற்கு மேல் ஒரு குளமும் அதில் ஒரு சூரியனும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு அறை சும்மா நின்றது. அவருக்கே அது அதிசயமாகவும் பயமாகவும் இருந்தது.

இறங்கினார். வெளியே வந்தார்.

"பலகை பூராவையும் கழட்டு" என்றார் துஷாந்திடம். "ஒண்ணு விடாம. தண்ணிய மறுபடி நெரப்பு. அது எங்க போகுதுன்னு காணுற வரைக்கும் உன் லீவு முடியல."

"சரிங்க."

"அது வரைக்கும் இந்த ரூமுக்குள்ள ஒரு புள்ளையும் வரக் கூடாது."

கோசலா தலையை ஆட்டினாள். எதிர்பார்த்ததுதான். உண்மையைச் சொன்னால் இதுதான் வரும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.  மீனம்மா மகளை இழுத்துக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் பெரியதம்பி. "நான் பேசி முடிக்கலியே. புள்ளைங்க மேல வரட்டும். எங்க ஹோலுல ஒக்காரட்டும்."

யோகேஸ்வரி கையிலிருந்த அகப்பை அசையாமல் நின்றது. கடைக்கு வந்தால் கடையோடு, வீட்டுக்கு வந்தால் சமையலறைக் கதவோடு. தோட்டத்து ஆட்கள் அந்த ஹோலுக்குள் காலெடுத்து வைத்து யாரும் பார்த்ததில்லை. சம்பந்திகள்கூட முன்னறையில் உட்காராமலே போனார்கள். அந்தக் கணக்கு யாரும் பேசிப் போட்டதல்ல, அதனால்தான் இத்தனை காலம் அப்படியே நின்றது.

"ஹோலுலயா மாமா?"

"பின்ன? அங்க சீலிங் இல்ல, ஓடுதான். விழுறதுக்கு ஒண்ணும் கெடையாது." காரணம் கிடைத்துவிட்டது அவருக்கு. "அரிசியப் போடு, பால் வழியுது."

பால் பானை வாயைத் தாண்டி நுரைத்துப் பொங்கி, நெருப்பில் சீறி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று துஷாந்துதான் முதலில் கத்தினான். மீனம்மாவும் கூடச் சேர்ந்து கத்தினாள். கோசலா இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட்டாள். கண்ணீரா புகையா என்று கேட்டால் புகை என்றுதான் சொல்லியிருப்பாள்.

மீனம்மாவின் கை தளர்ந்த அந்த நொடியில் கேஷிகா தாயிடமிருந்து உருவிக்கொண்டு பக்கப்படியில் ஏறிவிட்டாள். மீனம்மா பதறிக் கூப்பிட்டாள். பெரியதம்பி, "விடுங்க, போகட்டும்" என்றார்.

பிள்ளை சமையலறையைத் தாண்டி, ஹோலைத் தாண்டிப் போகும் காலடிச் சத்தம் கீழே வரை கேட்டது. முன்கதவில் அது சட்டென்று நின்றது. பிறகு மேலேயிருந்து, "டீச்சர், இங்க ஆகாயம் கெடக்கு!" என்று கேஷிகாவின் குரல் வந்தது.